மடித்த பின் வெட்டுவதா, வெட்டிய பின் மடிப்பதா?

அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளின் முதலிரு வகுப்புகளிலும் காகித வேலை நடைபெறாத இடம் அரிது. சுவரில் பூக்கள் ஒட்டப்பட்டிருக்கும். அறையின் குறுக்கே வண்ணச் சங்கிலி தொங்கும். கதவின் மேல் வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். மேற்பார்வையாளர் வரும் நாளில் அவை பாராட்டப்படவும் செய்யும். ஆனால், அந்தப் பூவின் இதழ்களை வெட்டியவர் யார், சங்கிலியின் வளையங்களுக்கு நிறம் தேர்ந்தவர் யார், எது முதலில் எது பின்னர் என்று முடிவு செய்தவர் யார் என்று வினவினால், பெரும்பாலும் பணியாளரே என்னும் விடை கிடைக்கும். முன்னரே வெட்டி வைத்த துண்டின்மீது பசை தடவிக் காட்டிய இடத்தில் ஒட்டுவது ஒன்றே குழந்தையின் பங்கு. காகித வேலையிலிருந்து குழந்தை பெறக்கூடிய பயனில் சிறந்த பகுதி எதுவோ, அதுவே இவ்வாறு அதன் கைக்கு எட்டாமற் போய்விடுகிறது.

அந்தப் பகுதி வரிசையுணர்வு. ஒரு செயலில் எது முந்தியது, எது பிந்தியது, எதை மாற்றினால் காரியம் கெடும் என்று அறிவது ஒன்று. ஒரு தொடரில் எது திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்து வரவேண்டியது எது என்று கண்டுகொள்வது மற்றொன்று. எண்ணுதல், படித்தல், கூட்டுதல் யாவும் பின்னர் இவ்விரண்டின் மீதே நிற்கின்றன. பின்னதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. ‘அமைப்பு’ என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அச்சொல் சங்கத்துக்கும் பொருந்தும், இயந்திரத்துக்கும் பொருந்தும். ஐந்து வயதுக் குழந்தைக்கு மட்டும் பொருந்தாது. குழந்தையிடம் பேசும்போது பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. “எது திரும்பத் திரும்ப வருகிறது?” என்று கேட்டால் போதும்.

காகிதத்தை இவ்வகையிற் பயன்படுத்துவது புதிய செய்தியன்று. ஜெர்மனியில் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்ட பிரெடரிக் பிரோபெல், காகிதம் மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகிய மூன்றையும் குழந்தைகளின் கைவேலைகளுள் வைத்தார். அம்முறையைப் பின்பற்றி வந்த பெட்டிகளுள் ஒன்றில் 200 சதுரக் காகிதங்கள் பல வண்ணங்களில் இருந்தன. சென்னை மாகாணத்தில் அரசுப் பணியில் இருந்த டி. சுந்தர ராவ், தமக்கு அப்பெட்டியே தூண்டுதல் என்று கூறிக் காகித மடிப்பால் வடிவ கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1895-இல் வெளிவந்த தம் நூலில் அதனை எடுத்துக் காட்டினார். 1901-இல் அது சிகாகோவில் மறுபதிப்புப் பெற்றது. குழந்தைக்கு விளையாட்டாகத் தரப்பட்ட சதுரத் தாள் இந்நாட்டு அறிஞர் ஒருவர் கையில் கணித நூலாக விரிந்ததென்பது, காகித வேலையை ‘ஓய்வு நேர வேலை’ என்று கால அட்டவணையின் கடைசி மணியில் ஒதுக்கி வைப்போர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

ஆராய்ச்சி கூறுவதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்கு முந்திய வயதிலிருந்து 11 வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017-இல் வெளியாயிற்று. சிறு வயதில் மீண்டுவரும் தொடர்களை அடையாளம் காண வல்ல குழந்தைகள் பிற்காலத்தில் கணக்கிலும் முன்னிற்கும் போக்கு அதில் காணப்பட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது ஒன்று. முன்னதைக் கற்பித்தால் பின்னது தானே வரும் என்பது வேறொன்று. காகித விசிறி மடித்த குழந்தை கணக்கில் தேறும் என்று பெற்றோருக்கு உறுதி கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். வரிசையைக் கவனிக்கும் பழக்கத்துக்குக் காகிதம் எளிய, மலிவான, குழந்தை விரும்பும் வாயில் என்று சொல்லலாம். அவ்வளவே கூறினாலும் குறைவன்று.

எல்லாக் காகித வேலையும் இதற்கு ஒரே அளவில் உதவுவதில்லை. தவறு நேர்ந்தால் அதனைப் பொருளே எடுத்துச் சொல்லும் வேலையையே முதலில் தேர்தல் வேண்டும். வண்ணச் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று கோக்கச் சொல்கிறோம். இடையில் இரண்டு சிவப்பு வந்துவிட்டால் சங்கிலிக்கு எக்கேடும் இல்லை. அது முன்போலவே தொங்கும். தவறென்று சொல்ல ஆசிரியர் வரவேண்டும். விசிறி அப்படியன்று. ஒரு விரற்கடை அளவு முன்புறம் மடித்து, தாளைத் திருப்பி, மறுபடி அதே அளவு மடிக்க வேண்டும். ஒரு முறை திருப்ப மறந்தால் அடுத்த மடிப்பு முன்னதன் மேலேயே சுருண்டு படியும். விசிறி வாராது, சுருள் வரும். குழந்தை தானே விழிக்கும்; தானே பிரிக்கும். ‘மடி, திருப்பு, மடி, திருப்பு’ என்னும் தொடர் அதன் விரல்களில் ஏறுவது அந்த நொடியில்தான். அவ்வேளையில் ஆசிரியர் குனிந்து, “இங்கே திருப்பவில்லை, பார்” என்று சொல்லிவிட்டால், குழந்தை கண்டிருக்க வேண்டியதை ஆசிரியர் கண்டவராகிறார்.

காகிதப் பாய் இன்னும் சிறந்தது. ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, இணையாக வெட்டி விரித்தால் பாவு ஆயத்தமாகிவிடும். வேறு வண்ணத்தில் வெட்டிய பட்டைகளே ஊடை. முதற் பட்டை மேலே, கீழே, மேலே, கீழே என்று செல்லும். இரண்டாம் பட்டை கீழே என்று தொடங்க வேண்டும். இங்கேதான் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இடறுகின்றன. முதல் வரியை ஒழுங்காகச் செய்த குழந்தை, அதே ஒழுங்கை இரண்டாம் வரியிலும் அப்படியே செய்கிறது. ஒழுங்கைக் கற்றுக்கொண்டதனாலேயே வரும் பிழை இது. பயன் என்ன? இரண்டு பட்டைகளும் நெருங்கி ஒரே அகலப் பட்டைபோல் ஆகிவிடும். கட்டம் விழாமற் கோடு விழும். தோழியின் பாயில் சதுரங்கக் கட்டம் இருக்க, தன் பாயில் நீளக் கோடு மட்டும் இருப்பதைப் பார்க்கும் குழந்தை, ஒரு வரிக்குள் ஓர் ஒழுங்கும் வரிகளுக்கிடையே மற்றோர் ஒழுங்கும் இருப்பதை முதன்முதலாக எதிர்கொள்கிறது. நெசவாளர் வீட்டிலும், பாய் முடையும் ஊர்களிலும் வளரும் குழந்தைகள் இதனைப் பார்த்திருப்பர். அத்தகைய ஊர்களில் ஒருநாள் ஒரு பெரியவரை அழைத்து, அவர் கை செல்லும் வழியைக் குழந்தைகளுக்குக் காட்டச் செய்யலாம்.

சங்கிலியை முற்றிலும் தள்ளிவிட வேண்டுமென்பது கருத்தன்று. விசிறியும் பாயும் கைவந்த பின் சங்கிலிக்குத் திரும்பினால், குழந்தை தன் கண்ணாலேயே சோதிக்கத் தொடங்கியிருக்கும். அப்பொழுது சிவப்பு, சிவப்பு, வெள்ளை என்று சற்றுக் கடினமான தொடரைக் கொடுக்கலாம். அதையே கைதட்டலாக, தட்டு, தட்டு, நிறுத்து என்று மாற்றச் சொல்லலாம். நிறத்தில் கண்டதை ஓசையிலும் காணும் குழந்தைதான் தொடரைக் கண்டது. மற்றது நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்தது.

இனி, முன்பின் பற்றியது. கைகோத்து நிற்கும் காகிதப் பொம்மைகளைச் செய்யாத பள்ளி இல்லை. தாளை விசிறிபோல் மடித்து, மேல் மடிப்பில் இரு கைகளும் ஓரம்வரை நீளும்படி ஒரு பொம்மை வரைந்து, கை தொடும் ஓரத்தை விட்டுவிட்டு வெட்டினால், எட்டு மடிப்புக்கு எட்டுப் பொம்மைகள் கைகோத்து வரும். இதனைச் சரியாகச் செய்து காட்டுவதற்கு முன், குழந்தைகளை விருப்பம்போல் செய்யவிடுவது நல்லது. ஒரு குழந்தை முதலில் வரைந்து வெட்டிப் பிறகு மடிக்கும். ஒற்றைப் பொம்மை கசங்கி நிற்கும். மற்றொன்று ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிடும். எட்டுப் பொம்மைகளும் எட்டுத் திசையில் உதிரும். மூன்றாவதன் கையில் வரிசை மலரும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நீ எதை முதலில் செய்தாய்?” என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். மடித்த பின் வெட்டுவதும் வெட்டிய பின் மடிப்பதும் ஒன்றன்று என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் விளங்காது.

அதே வேளையில், வரிசை மாறினாலும் கெடாத வேலைகளும் உண்டு. பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதை வெட்டுவதற்கு முன்னும் செய்யலாம், பின்னும் செய்யலாம். ஆசிரியர் சொன்ன வரிசை முழுவதையும் மந்திரம்போல் ஓதும் குழந்தை, எந்தப் படி எதற்காக என்பதை அறிந்ததாகாது. “இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?” என்னும் வினாவைப் பயிற்சிக் கையேடுகளில் காண்பது அரிது. வரிசைப்படி எண்ணிட்ட படங்களைத் தரும் கையேடுகள் யாவும், எண்ணிட்டதனாலேயே எல்லாப் படிகளும் ஒரே அளவு கட்டாயமானவை என்னும் எண்ணத்தை ஊட்டிவிடுகின்றன.

கையேடுகளின் மொழியும் இங்கு நோக்கத்தக்கது. ஆங்கில மூலத்திலிருந்து வரும் குறிப்புகளில் ‘கோடு வரைவதற்கு முன் தாளை மடிக்கவும்’ என்பதுபோன்ற வாக்கியங்கள் நிறைந்துள்ளன. நடக்க வேண்டியது முதலில் மடிப்பு, பிறகு கோடு. காதில் விழுவதோ முதலில் கோடு, பிறகு மடிப்பு. மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகள் ‘முன்’, ‘பின்’ என்னும் சொற்களின் பொருளைக் கருதாமல், எது முதலிற் சொல்லப்பட்டதோ அதுவே முதலில் நடப்பது என்று கொள்ளும் இயல்புடையர் என்பதை ஈவ் கிளார்க் என்னும் மொழியறிஞர் 1971-இல் எடுத்துக்காட்டினார். அக்குழந்தை கோடு போட்டுவிட்டு ஏச்சு வாங்குவது அதன் குற்றமாகாது. தமிழில் இதற்கு நல்ல வழி இயல்பாகவே அமைந்திருக்கிறது. ‘தாளை மடித்து, அழுத்தி, திருப்பி, மறுபடி மடி’ என்று வினையெச்சங்களை அடுக்கினால், சொல்லின் வரிசையும் செயலின் வரிசையும் ஒன்றாகிவிடும். குழந்தைகள் தம் வீட்டில் நாளும் பேசுவதும் அவ்வாறே. ஒரு வேலை முடிந்தவுடன், செய்ததை அவ்வண்ணமே வாயாற் சொல்லச் செய்வது அரை நாழிகை வேலை. பேச்சு வளர்ச்சிக்கென்று தனியே ஒதுக்கும் பாடத்தைவிட அது பயன் தரும். ‘முன்’, ‘பின்’ என்னும் சொற்களைப் பிறகு, பொருள் கையில் இருக்கும்போதே, கவனமாகப் புகுத்தலாம்.

ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் இலையும் செலவின்றிக் கிடைக்க, காகிதம் எதற்கு? 1945-இல் மராட்டியக் கடலோரத்திலுள்ள போர்டியில் பழங்குடிக் குழந்தைகளிடையே பணி தொடங்கிய தாராபாய் மோடக், ஊரிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கற்பிக்கலாம் என்பதைச் செய்து காட்டினார். அவ்வழி இன்றும் சிறந்ததே. தொடர்களை அடுக்கிப் பழகக் கொட்டைகளே முதற் பொருளாக இருக்கட்டும். ஆனால், கொட்டையைக் கலைத்தால் அடுக்கியதன் சுவடே இராது. காகிதம் தன்மீது நடந்ததை நினைவில் வைத்திருக்கிறது. செய்து முடித்த கப்பலை மெல்ல, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே வந்தால், கடைசியிற் செய்தது முதலில் வெளிப்படும். முதலிற் செய்தது கடைசியில் தெரியும். இறுதியில் மேசைமீது கிடக்கும் தாளில் அத்தனை மடிப்புக் கோடுகளும் இருக்கும். பின்னோக்கிச் சொல்லுதல் ஆறு வயதுக் குழந்தைக்குக் கடினம். தாள் கையில் இருந்தால் அக்கடினம் விளையாட்டாகிறது. கழித்தலைக் கூட்டலின் மறுதலையாகப் பின்னாளில் கற்பிக்கப்போகும் ஆசிரியர் இவ்விளையாட்டை எளிதாக எண்ணமாட்டார்.

ஏழெட்டு வயதினர்க்கு இன்னொன்று. சதுரத் தாளை நான்காக மடித்து, தாளின் நடுவிடம் எந்த மூலையிற் சேர்ந்திருக்கிறதோ அம்மூலையைச் சிறிது வெட்டினால், விரித்த தாளில் ஒரே ஓட்டை இருக்கும். மடிப்பு விளிம்பில் இடையே ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு. விளிம்பைத் தொடாமல் உள்ளே துளையிட்டால் நான்கு. விரிக்கும் முன் எண்ணிக்கையைச் சொல்லச் செய்து, பிறகு விரிக்க வேண்டும். சொன்னது தவறினால் சிரிப்பு எழும். சரியானால் வகுப்பே ஆர்ப்பரிக்கும். இரண்டிலும் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பொருளுக்கு வருவோம். பளபளப்பான வண்ணத் தாள் கிடைத்தால் நன்று. ஒரு பக்கம் மட்டும் வண்ணமிருப்பின் ‘வண்ணப் பக்கம் கீழே’ என்று சொல்ல வசதி. கிடைக்காவிடில் பழைய நாள்காட்டித் தாள், ஒரு பக்கம் எழுதிய விடைத்தாள், நாளிதழ் எதுவும் போதும். மூன்று வயதுக் குழந்தைக்குக் கத்தரிக்கோல் வேண்டா, கிழிக்கப் பழகட்டும். நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறத்தாழ நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். தாள் செய்யும்போது நார்கள் ஒரு திசை நோக்கிப் படிவதே அதற்குக் காரணம். இதனை அறியாத பணியாளர், ஒழுங்காகக் கிழிக்கவில்லையென்று குழந்தையைக் குறைகூறுவதுண்டு. நாளிதழைக் கையாண்ட பின் கை கழுவச் செய்வதும், நான்கு வயதுக்குமேல் முனை மழுங்கிய கத்தரிக்கோலையே கொடுப்பதும் சொல்லாமலே விளங்கும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தைக்கு வலக்கைக் கத்தரிக்கோல் சரிவர வெட்டாது. அதனை மந்தமென்று எழுதிவைக்காதிருத்தல் வேண்டும்.

இருபத்தைந்து குழந்தைகளை ஒருவரே கவனிக்கும் இடத்தில் இவையெல்லாம் எப்படி நடக்கும் என்னும் கேள்வி நியாயமானது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விசிறி கற்பிக்க முயன்றால் நடவாது. அம்முயற்சியே முன்வெட்டிய துண்டுகளில் கொண்டுபோய் விட்டது. ஐந்தாறு பேர் பாயில் அமர்ந்து காகிதம் மடிக்க, மற்றவர் கொட்டையோ மணலோ கொண்டு ஆடலாம். மறுநாள் குழு மாறும். ஒரு வாரத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தால் அதுவே மிகுதி. மூத்த குழந்தையைத் துணைக்கு வைப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சின்னவன் திணறுவதைப் பொறாமல் அக்காள் வாங்கி மடித்துக் கொடுத்துவிடுவாள். “கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாற் சொல்” என்று அவளுக்கு விதி வகுத்தால், சொல்லும் அவளுக்கும் அது பாடமாகிவிடும்.

உண்மையான இடர் பணியாளரிடத்தில் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, முன்பருவக் கல்வி அதன் ஆறு பணிகளுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதன்வழி 2022-இல் மூன்று முதல் எட்டு வயதினர்க்கு வகுக்கப்பட்ட பாடத்திட்ட வரைவும் விளையாட்டு வழிக் கற்றலையே வற்புறுத்துகின்றன. எழுத்தில் குறையில்லை. பார்வையிட வருவோரின் கண் எங்கே செல்கிறது என்பதில்தான் குறை. கண் சுவரைப் பார்க்கும்வரை பணியாளர் சுவரையே அலங்கரிப்பார். இதழை நேராக வெட்டுவது அவர் கையே. ஆண்டுக்கு ஒரு முறை வரும் மேலதிகாரியின் ஐந்து நிமிடப் பார்வைக்காக, இருபத்தைந்து குழந்தைகளின் ஓராண்டுக் காகித வேலை கைமாறிப் போகிறது. கோணலாக மடிந்த விசிறி நிறைந்த மையத்தைக் கண்டு முகஞ்சுளிக்காத மேற்பார்வையாளர் வேண்டும். அவர் அவற்றுள் மிகக் கோணலான ஒன்றைக் கையிலெடுத்து, செய்த குழந்தையை அருகழைத்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்பாராயின், அவருடைய குறிப்பேட்டில் எழுதுவதற்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடும்.

கற்பித்தற் பொருள்களை மொத்தமாக வாங்கி வழங்கும் அலுவலகங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வடிவங்களாக வெட்டப்பட்டுப் பசையுடன் வரும் அட்டைகளுக்குச் செலவிடும் தொகைக்கு வெட்டாத வெறுந்தாளை வாங்கி அனுப்பலாம். அதே பணத்துக்கு மிகுதியாகவே கிடைக்கும். அனுப்பும் தாள் மழைக்காலத்துக்கு முன் சேர வேண்டும். ஈரம் உறிஞ்சிய தாளில் மடிப்பு நிற்பதில்லை. குழந்தை எத்துணை அழுத்தினாலும் விசிறி தளர்ந்து விரியும். மையத்தில் மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்று இருந்தால், தாளை அதில் இட்டு, தரையிலும் சுவரிலும் படாமல் ஒரு பலகையின்மேல் வைக்கலாம்.